பெனால்டியைத் தவறவிடும் உரிமை

"ராத்திரி முழுக்கக் கண் விழித்து லண்டன்காரனும் மாட்ரிட்காரனும் ஆடுவதைப் பார்க்கிறீர்களே, உங்களுக்கு அதில் என்ன தோழர் கிடைக்கிறது?" எங்கள் படிப்பு வட்டத்துக்கு வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர்களில் பாதிப் பேர் மறுநாள் காலை என்னோடு சேர்ந்து கொட்டாவி விடுபவர்கள்தான் என்பது வேறு விஷயம். வியாசர்பாடிப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வியே வராது. கால்பந்து அவர்கள் தெருவில் பிறந்து வளர்ந்தது. ஆனால் மற்றவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதனால் ஒரு தடவை உட்கார்ந்து எழுதிவிடுகிறேன். ஆட்டத்தைப் பற்றியும், கணிப்பைப் பற்றியும், பெரிய ஆட்டங்களின்போது எனக்கு வரும் நடுக்கத்தைப் பற்றியும். அந்த நடுக்கத்தில் இரண்டு வகை இருக்கிறது. இரண்டாவது வகையைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதல் வகை எல்லா ரசிகர்களுக்கும் உள்ளது.

எங்கள் வாட்ஸாப் குழுவில் நாற்பது பேர் இருக்கிறோம். ஐரோப்பாவில் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் தொடங்கும்போது நமக்கு நள்ளிரவு 12.30. குளிர்காலம் என்றால் 1.30. அதற்கு முந்தைய நாளே கணிப்புகள் வர ஆரம்பித்துவிடும். சிலர் கணக்கோடு வருவார்கள்: யாருக்குத் தொடையில் காயம், யாருக்கு மஞ்சள் அட்டையால் தடை, கடைசி ஐந்து ஆட்டத்தில் யார் எத்தனை கோல் வாங்கினார்கள். சிலருக்கு ஜாதகம் போல ஒரு நம்பிக்கை: இந்த டீ-ஷர்ட் போட்டால் ஜெயிப்போம், மச்சான் போன் பண்ணினால் கோல் விழும். இன்னும் சிலர் "நாம தோத்துடுவோம்" என்று எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். இவர்கள்தான் உள்ளுக்குள் அதிகம் ஆசைப்படுபவர்கள். தோற்றால் "முன்னாடியே சொன்னேனே" என்று சொல்லிக்கொள்ளலாம், ஜெயித்தால் யாரும் திட்டப்போவதில்லை.

நான் அர்செனல் கட்சி. என் கணிப்பு எப்போதும் 2-1. 1-0 என்று எழுதினால் தொண்ணூறு நிமிடமும் மூச்சு முட்டும். 3-0 என்று எழுதினால் கண்ணுபட்டுவிடும். 2-1 என்றால் கொஞ்சம் வலியும் உண்டு, முடிவில் சோறும் உண்டு. இதற்கு மேல் என்னிடம் விஞ்ஞானம் கிடையாது.

விஞ்ஞானம் வைத்திருப்பவர்களுக்கும் இந்த ஆட்டம் பெரிதாக மரியாதை கொடுத்ததில்லை. 2017இல் பார்சிலோனா பாரிஸில் 4-0 என்று அடிவாங்கித் திரும்பியது. ஊரெல்லாம் கதை முடிந்தது என்றார்கள். அடுத்த ஆட்டத்தில் அதே பார்சிலோனா 6-1 என்று ஜெயித்து பி.எஸ்.ஜி.யை வெளியே அனுப்பியது. 2019 மே மாதம் அதே பார்சிலோனா 3-0 முன்னிலையோடு லிவர்பூலுக்குப் போனது. லிவர்பூலில் சாலாவும் இல்லை, ஃபிர்மினோவும் இல்லை. லிவர்பூல் 4-0. 2022இல் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரான அரையிறுதியின் 89ஆவது நிமிடம் வரை ரியல் மாட்ரிட்டுக்கு இரண்டு கோல் தேவைப்பட்டது. ரோட்ரிகோ அடுத்தடுத்து இரண்டையும் அடித்தார். 2025 இறுதிப் போட்டியில் பி.எஸ்.ஜி.க்கும் இன்டர் மிலானுக்கும் இழுபறியாக இருக்கும் என்றுதான் எங்கள் குழுவில் பெரும்பாலோர் எழுதினார்கள். ஆட்டம் 5-0. ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டிகளிலேயே இவ்வளவு பெரிய வித்தியாசத்தில் எவரும் ஜெயித்ததில்லை.

கோல் குறைவாக விழும் விளையாட்டு இது. ஒரு பந்து யார் காலிலாவது பட்டுத் திரும்பினால் போதும், ஒரு வருட உழைப்பு திசை மாறிவிடும். அதனால்தான் பணக்கார அணி எப்போதும் ஜெயிப்பதில்லை, நாமும் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறோம். இந்தப் பதற்றம் நல்ல பதற்றம். நாளைக்கு நடக்கப்போவது இன்னும் எழுதப்படவில்லை என்கிற பதற்றம் அது. நம்மைப் போன்றவர்களுக்கு அது பிடித்துப்போவதில் ஆச்சரியம் இல்லை.

இப்போது இரண்டாவது வகைக்கு வருகிறேன்.

2025 ஏப்ரலில் அர்செனல் காலிறுதியின் முதல் ஆட்டத்தில் ரியல் மாட்ரிட்டை 3-0 என்று அடித்தது. டெக்லன் ரைஸ் இரண்டு ஃப்ரீ கிக்கை நேராக வலைக்குள் வளைத்தார். எட்டு நாள் கழித்து மாட்ரிட்டில் இரண்டாவது ஆட்டம். அந்த எட்டு நாளும் ஸ்பெயினில் 'ரெமொந்தாதா' என்ற ஒரே பேச்சு. விழுந்த இடத்திலிருந்து எழுந்து வந்து ஜெயிப்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் அது. ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரத்துக்குள் அர்செனலுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அடிக்க வந்தவர் புகாயோ சாகா. மெதுவாக நடுவில் சிப் செய்து பார்த்தார். கோல்கீப்பர் குர்துவா ஏமாறவில்லை, பந்தைத் தட்டிவிட்டார்.

அந்த நேரத்தில் நிலவரம் என்ன? மொத்தக் கணக்கில் நாங்கள் இன்னும் மூன்று கோல் முன்னால் இருந்தோம். பெரிய ஆபத்து ஒன்றுமில்லை. ஆனாலும் எனக்குக் கை நடுங்கியது. அந்த நடுக்கம் ஸ்கோரைப் பற்றியதாக இல்லை. ஒருவேளை இன்று தோற்றால் இந்தப் பையனை என்ன செய்வார்கள் என்பதுதான் மனதில் ஓடியது. இரண்டாம் பாதியில் அவரே கோல் அடித்தார், அர்செனல் அந்த ஆட்டத்தையும் 2-1 என்று ஜெயித்தது. குழுவில் எல்லோரும் ஆடினார்கள். எனக்கு ஏற்பட்டது ஆசுவாசம்தான். மகிழ்ச்சி அதற்கு அப்புறம் மெதுவாக வந்து சேர்ந்தது.

இந்த நடுக்கம் எனக்குத் தொற்றிய நாள் தெளிவாகத் தெரியும். 2021 ஜூலை 11. லண்டன் வெம்ப்ளி மைதானம். யூரோ கோப்பை இறுதிப் போட்டி, இங்கிலாந்தும் இத்தாலியும். இரண்டாவது நிமிடத்திலேயே லூக் ஷா கோல் அடித்தார். இரண்டாம் பாதியில் பொனூச்சி சமன் செய்தார். 1-1. கூடுதல் நேரத்திலும் முடிவில்லை. பெனால்டி ஷூட்அவுட்டுக்காகவே கடைசி நிமிடத்தில் மார்கஸ் ராஷ்ஃபோர்டையும் ஜேடன் சாஞ்சோவையும் உள்ளே இறக்கினார் பயிற்சியாளர் கரேத் சவுத்கேட். ஹாரி கேனும் ஹாரி மக்வயரும் அடித்தார்கள். ராஷ்ஃபோர்டின் பந்து கோல்கம்பத்தில் மோதியது. சாஞ்சோவின் பந்தை இத்தாலியின் கோல்கீப்பர் டோன்னரும்மா தடுத்தார். ஐந்தாவதாக வந்தவர் சாகா. அப்போது அவருக்கு வயது 19. அதையும் டோன்னரும்மா தடுத்தார். நமக்கு மணி அதிகாலை மூன்றரை வாக்கில்.

மூவரும் கறுப்பின இளைஞர்கள். அடுத்த சில நிமிடங்களில் அவர்களுடைய இன்ஸ்டாகிராம் பக்கங்களில் குரங்குப் படங்களும், வாழைப்பழப் படங்களும், "உன் நாட்டுக்குப் போ" என்கிற வசைகளும் கொட்ட ஆரம்பித்தன. எந்த நாட்டுக்கு? சாகா லண்டனில் பிறந்தவர். சாஞ்சோவும் லண்டன். ராஷ்ஃபோர்டு மான்செஸ்டர். அதற்கு முந்தைய ஆண்டுதான் கொரோனா காலத்தில் பள்ளி விடுமுறையிலும் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவச உணவு கிடைக்க வேண்டும் என்று ராஷ்ஃபோர்டு குரல் கொடுத்து, பிரிட்டிஷ் அரசைத் தன் முடிவை மாற்றிக்கொள்ள வைத்திருந்தார். மான்செஸ்டரில் வரையப்பட்டிருந்த அவருடைய சுவரோவியத்தின் மேல் அன்று இரவு யாரோ கிறுக்கிவிட்டுப் போனார்கள். மறுநாள் அந்த ஊர் மக்கள் வரிசையாக வந்து கடிதங்களாலும் காகித இதயங்களாலும் அந்தக் கிறுக்கலை மூடினார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சில நாள் கழித்து சாகா ஓர் அறிக்கை வெளியிட்டார். தனக்கு என்ன மாதிரியான வெறுப்பு வரப்போகிறது என்பது அந்தக் கணமே தெரிந்துவிட்டது என்று அதில் எழுதியிருந்தார். தோழர்களே, இதை நிதானமாகப் படியுங்கள். நாற்பது பேர் சேர்ந்து உட்கார்ந்து ஒரு ஸ்கோரைச் சரியாகச் சொல்ல முடியாத விளையாட்டில், 19 வயதுப் பையன் ஒருவன் ஒரே நொடியில் ஒரு கணிப்பைச் சொல்கிறான். அது அப்படியே நடக்கிறது. கால்பந்தில் நான் பார்த்தவற்றில் பிசகாத கணிப்பு அது ஒன்றுதான். அதைக் கற்றுக்கொள்ள அவன் புள்ளிவிவரம் படிக்க வேண்டியிருக்கவில்லை. வளர்ந்த இடமே சொல்லிக்கொடுத்துவிட்டது.

அதே அதிகாலையில் எங்கள் குழுவில் நடந்ததையும் சொல்கிறேன். சாஞ்சோவின் பந்து தடுக்கப்பட்டதும் ஒருவர் ஒரு குரங்கு ஸ்டிக்கரைப் போட்டார். நான்கைந்து பேர் சிரிப்புக் குறி போட்டார்கள். நான் ஏதோ எழுதத் தொடங்குவதற்குள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கை ஒருத்தி எழுதினாள்: "அண்ணா, அதை எடுத்துடுங்க. எங்களையும் ஸ்கூல்ல வேற பேர் வச்சுக் கூப்பிட்டிருக்காங்க. அப்பவும் நாலு பேர் இப்படித்தான் சிரிச்சாங்க." அவர் எடுக்கவில்லை. "ஃபுட்பால்ல அரசியலைக் கலக்காதீங்க" என்று பதில் போட்டார். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் வாய் திறந்தார்கள். கடைசியில் ஸ்டிக்கர் போனது. தங்கை ஒரு வாரம் குழுவில் எதுவும் எழுதவில்லை. ஸ்டிக்கர் போட்டவர் மறுநாளே அடுத்த சீசன் கணிப்போடு வந்துவிட்டார்.

அரசியலைக் கலக்காதீர்கள் என்பதை அங்கேயும் சொன்னார்கள். அந்தத் தொடருக்கு முன்னால் நிறவெறிக்கு எதிராக இங்கிலாந்து வீரர்கள் மைதானத்தில் முழந்தாளிட்டபோது சொந்த ரசிகர்களே ஊளையிட்டார்கள். அப்போது உள்துறை அமைச்சராக இருந்தவர் பிரீத்தி படேல். பூர்வீகம் குஜராத். வீரர்கள் செய்வது வெறும் சைகை அரசியல் என்று சொன்னார். ஊளையிடுவது ரசிகர்களின் விருப்பம் என்றும் சொன்னார். இறுதிப் போட்டி முடிந்து வசைகள் கொட்டியபின் அவரே கண்டனம் தெரிவித்தார். நெருப்பை மூட்டிவிட்டு இப்போது அருவருப்பு காட்டுவதா என்று அணியிலிருந்த டைரோன் மிங்ஸ் வெளிப்படையாகவே கேட்டார். தோல் நிறத்தால் நம்மைப் போல இருப்பவர்கள் எல்லாம் நம் பக்கம் நிற்பார்கள் என்று நினைக்கும் இளைஞர்கள் இந்த ஒரு சம்பவத்தை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

"தோற்றால் யாரைத்தான் திட்டமாட்டார்கள்? வெள்ளைக்காரனையும்தான் திட்டுகிறார்கள்" என்று ஒரு வாதம் வரும். அதைத் தட்டிக்கழிக்க வேண்டாம். 1998 உலகக் கோப்பையில் டேவிட் பெக்காம் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியதும் லண்டனில் ஒரு மதுக்கடைக்கு வெளியே அவருடைய கொடும்பாவியைத் தொங்கவிட்டார்கள். பல மாதம் விரட்டி விரட்டி ஏசினார்கள். கொடுமைதான். ஆனால் அவரை இங்கிலாந்துக்காரர் இல்லை என்று எவனும் சொல்லவில்லை. அவர் செய்த காரியத்துக்கு அவரைத் திட்டினார்கள். அவருடைய தெருவையும் சந்ததியையும் இழுக்கவில்லை. சில வருடத்தில் அவரே அணியின் தலைவரானார்.

2022 உலகக் கோப்பை காலிறுதியில் பிரான்ஸுக்கு எதிராக 84ஆவது நிமிடத்தில் ஹாரி கேன் பெனால்டியை வானத்துக்கு அடித்தார். இங்கிலாந்து 2-1 என்று வெளியேறியது. விமர்சித்தார்கள், கேலி செய்தார்கள், வருத்தப்பட்டார்கள். நாட்டைவிட்டுப் போ என்று சொல்லவில்லை.

இன்னும் பின்னால் போனால் சவுத்கேட்டே இருக்கிறார். 1996 யூரோ அரையிறுதி, அதே வெம்ப்ளி, ஜெர்மனிக்கு எதிரான ஷூட்அவுட். ஆறாவது பெனால்டியை அவர் தவறவிட்டார், இங்கிலாந்து வெளியேறியது. அதே ஆண்டு அவர் ஒரு பீட்சா ஹட் விளம்பரத்தில் நடித்தார். 1990இல் இதே போல பெனால்டியைத் தவறவிட்ட இருவர் பக்கத்தில் உட்கார்ந்து கிண்டலடிக்க, சவுத்கேட் தலையில் காகிதப்பையை மாட்டிக்கொண்டு பீட்சா சாப்பிடுவார். பின்னாளில் தேசிய அணியையே அவர் கையில் கொடுத்தார்கள். அவருக்கும் வலித்திருக்கும், அதில் சந்தேகம் இல்லை. 2021இல் தன் மூன்று வீரர்களுக்கு முன்னால் நின்று "அடிப்பவர்களைத் தேர்ந்தெடுத்தது நான், பொறுப்பும் என்னுடையது" என்ற நிலையை எடுத்ததும் அந்த வலி தெரிந்ததால்தான் இருக்க வேண்டும். நான் சொல்ல வருவது அவரைக் குறைசொல்ல அல்ல. வெள்ளைக்காரர் ஒருவர் பெனால்டியைத் தவறவிட்டால் அது அவருடைய வாழ்க்கையில் ஒரு கதை. விளம்பரம் எடுக்கலாம், சிரிக்கலாம், முப்பது வருடம் கழித்துப் பேட்டி கொடுக்கலாம். கறுப்பினப் பையன் தவறவிட்டால் அது அவன் இனத்தின் மீதான தீர்ப்பாகிவிடுகிறது.

இங்கிலாந்து மட்டுமா? ஜெர்மனியின் மெசூட் ஓசில் கெல்சன்கிர்ஷன் நகரில் பிறந்தவர். 2014இல் ஜெர்மனி உலகக் கோப்பையை வென்றபோது அணியில் இருந்தவர். 2018இல் ஜெர்மனி முதல் சுற்றிலேயே வெளியேறியது. அதற்குக் கொஞ்சம் முன்பு துருக்கி அதிபர் எர்டோகனோடு அவர் எடுத்துக்கொண்ட படத்தை வைத்து எழுந்த விமர்சனத்தில் நியாயமான பகுதியும் உண்டு. ஆனால் அணியை விட்டு விலகியபோது அவர் சொன்ன குற்றச்சாட்டு அந்தப் படத்தையெல்லாம் தாண்டியது: ஜெயிக்கும்போது என்னை ஜெர்மானியன் என்கிறார்கள், தோற்கும்போது குடியேறியவன் என்கிறார்கள் என்றார்.

பிரான்ஸின் கிலியன் எம்பாப்பே 2018இல் உலகக் கோப்பை வென்று கொடுத்தபோது நாட்டின் செல்லப்பிள்ளை. 2021 யூரோவில் ஸ்விட்சர்லாந்துக்கு எதிரான ஷூட்அவுட்டில் ஒன்பது பேர் அடித்துவிட்ட நிலையில் பத்தாவதாக அவர் அடித்ததை கோல்கீப்பர் சோமர் தடுத்தார். அதற்குப் பிறகு வந்த நிறவெறி வசைகளால் தேசிய அணியை விட்டே விலக நினைத்ததாக அடுத்த ஆண்டு சொன்னார். 2022 உலகக் கோப்பை இறுதியில் பெனால்டியைத் தவறவிட்ட கோமானுக்கும் சுவாமெனிக்கும் அதே கதிதான். அந்த இருவரும் இறுதிப் போட்டி வரைக்கும் அணியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். அது ஒரே ராத்திரியில் கணக்கில் இல்லாமல் போய்விட்டது.

இதைப் படிக்கும் உங்களுக்கு வேறொரு பெயர் நினைவுக்கு வந்திருக்கும். வெம்ப்ளி இரவு நடந்து 24 நாள்தான் ஆகியிருந்தது. டோக்கியோ ஒலிம்பிக்ஸில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி 2021 ஆகஸ்ட் 4 அன்று அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் தோற்றது. ஹரித்வார் பக்கத்தில் உள்ள வந்தனா கட்டாரியாவின் வீட்டுக்கு முன்னால் சிலர் பட்டாசு வெடித்து ஆடினார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோற்றது என்று சாதி சொல்லித் திட்டியதாகக் குடும்பத்தினர் போலீசில் புகார் கொடுத்தார்கள், கைதும் நடந்தது. நாலு நாளுக்கு முன்புதான் வந்தனா தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்திருந்தார். ஒலிம்பிக்ஸில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் அவர். பயிற்சி முகாமில் இருந்ததால் சில மாதத்துக்கு முன் இறந்துபோன அப்பாவின் முகத்தைக் கூடப் பார்க்கப் போகாதவர். இத்தனைக்கும் அன்று தோற்றது பதினொரு பேர் கொண்ட அணி. பட்டாசு வெடித்தது ஒரு வீட்டுக்கு முன்னால்.

லண்டனும் ஹரித்வாரும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. நிறவெறிக்கும் சாதிக்கும் வேர் வேறு, வேலை செய்யும் விதம் வேறு. தோற்ற அன்று மட்டும் இரண்டும் ஒரே காரியத்தைச் செய்கின்றன. கூட்டத்தில் ஒருவரைத் தனியாகப் பிரித்து, "நீ எங்கள் ஆள் இல்லை" என்று சொல்கின்றன.

இனி கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். பெனால்டி என்பது 11 மீட்டர் தூரத்திலிருந்து அடிப்பது. வலையின் அகலம் 7.32 மீட்டர். பந்து போய்ச் சேர அரை நொடிதான். வெளியிலிருந்து பார்த்தால் சுலபம். ஆனால் உலகின் மிகச் சிறந்த வீரர்களை எடுத்துக்கொண்டாலும் ஏறத்தாழ நான்கில் மூன்றுதான் உள்ளே போகிறது. அப்படியானால் ஐந்து பேர் அடித்து ஐந்தும் கோலாக எவ்வளவு வாய்ப்பு? முக்காலை ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள். நூற்றுக்கு 24 தான் வரும். அதாவது ஐந்து பேரை அனுப்பினால் அநேகமாக ஒருவராவது தவறவிடுவார். அதில் தைரியம், குணம், தேசபக்தி எதுவும் இல்லை. எண்கள்தான். யாரோ ஒருவர் தவறவிட்டே ஆக வேண்டிய ஓர் இடத்துக்கு நாம் பிள்ளைகளை அனுப்புகிறோம். அந்த 'யாரோ' யாராக இருந்தால் மன்னிப்போம் என்பதைச் சமூகம் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறது.

2024 யூரோ காலிறுதியை நான் எப்படிப் பார்த்திருப்பேன் என்று இப்போது உங்களுக்குப் புரியும். டுஸ்ஸல்டோர்ஃப் நகரில் இங்கிலாந்தும் ஸ்விட்சர்லாந்தும். 75ஆவது நிமிடத்தில் எம்போலோ கோல் அடித்தார். ஐந்து நிமிடத்தில் வலது பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி வந்து சாகா சமன் செய்தார். மறுபடி ஷூட்அவுட். ஹாரி கேன் ஏற்கெனவே வெளியே போயிருந்தார். இங்கிலாந்துக்காக அடிக்க வந்த ஐவர்: கோல் பாமர், ஜூட் பெல்லிங்ஹாம், சாகா, ஐவன் டோனி, ட்ரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்டு. ஐவருமே கறுப்பின, அல்லது கலப்பினக் குடும்பங்களின் பிள்ளைகள். எங்கள் குழுவில் அப்போது ஒருவரும் எதுவும் எழுதவில்லை. சாகா பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தபோது நான் திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன். ஐந்தும் உள்ளே போனது. டோனி பந்தைப் பார்க்காமல் கோல்கீப்பரையே பார்த்தபடி அடித்தார். 5-3.

மறுநாள் எல்லோரும் "சாகா பதிலடி கொடுத்துவிட்டார்" என்று எழுதினார்கள். நம் பிள்ளைகளும் எழுதினார்கள். அன்புடன்தான் எழுதினார்கள். ஆனாலும் எனக்கு அந்த வாக்கியத்தில் உடன்பாடு இல்லை. பதிலடி என்றால் அவர் ஏதோ கடன் பட்டிருந்தார் என்றாகிவிடும். 2024இல் அடித்ததால் 2021இல் வந்த வசை பொய்யாகிவிடவில்லை. அவர் மறுபடி தவறவிட்டிருந்தாலும் அது பொய்தான். அவர் மனிதர், அந்த நாட்டுக்காரர் என்பதற்கு ஒரு கோல் ஆதாரமாக இருக்க முடியாது. கோலை ஆதாரமாகக் காட்டினால் அடுத்த முறை கோல் விழாதபோது நம் கையில் ஒன்றும் மிஞ்சாது.

ஜெயித்தாலும் பாதுகாப்பில்லை என்பதை 2025 பெண்கள் யூரோ காட்டிவிட்டது. காலிறுதியில் இங்கிலாந்து ஸ்வீடனை ஜெயித்திருந்தது. ஜெயித்திருந்தும், தொடர் தொடங்கியதிலிருந்து தனக்கு நிறவெறி வசைகள் வருவதாகச் சொல்லித் தடுப்பாட்டக்காரர் ஜெஸ் கார்ட்டர் சமூக வலைத்தளங்களிலிருந்து விலகினார். அடுத்த ஆட்டத்தில் அவருடைய அணி முழந்தாளிடுவதை நிறுத்தியது. இந்தச் சைகை மட்டும் போதாது, வேறு ஏதாவது செய்தாக வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். சில நாளில் இறுதிப் போட்டியில் கார்ட்டர் களமிறங்கினார். இங்கிலாந்து ஸ்பெயினை ஷூட்அவுட்டில் வென்று கோப்பையை எடுத்தது.

நம்மில் பலர் குடும்பத்தில் முதல் பட்டதாரி. ஒரு பேப்பரில் அரியர் வைத்தால் "கோட்டாவில் வந்தால் இப்படித்தான்" என்று காதுபடச் சொல்வார்கள். பக்கத்து பெஞ்சில் மூன்று அரியர் வைத்திருப்பவனுக்கு அது வாலிப விளையாட்டு. அதனால் நம் பிள்ளைகள் தேர்வு மண்டபத்துக்குப் போகும்போதே தன் தேர்வோடு ஊரின் தேர்வையும் சேர்த்து எழுதப் போகிறார்கள். சமத்துவம் என்றால் நம்மில் ஒருவர் கோப்பையை உயர்த்தும்போது கைதட்டுவது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கைதட்டுவது எளிது. ஜெயித்தவனைக் கொண்டாட எந்தச் சமூகத்துக்கும் சிரமம் இல்லை. ஒருவர் தவறவிட்ட பிறகும் "நம்ம ஆளுதான், அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று சொல்லப்படுகிறாரா என்று பாருங்கள். சவுத்கேட்டுக்குக் கிடைத்த அந்தச் சாதாரண உரிமை சாகாவுக்கும் வந்தனாவுக்கும் உங்களுக்கும் கிடைக்க வேண்டும். நாம் கேட்பது அதைத்தான்.

அடுத்த பெரிய ஆட்டம் வருகிறது. கணிப்பு எழுதுங்கள், சண்டை போடுங்கள், எதிரணியை நன்றாகக் கலாய்யுங்கள். மோசமாக ஆடியவரை மோசமாக ஆடினார் என்று சொல்லவும் தயங்காதீர்கள், அவருக்கு அதுதான் மரியாதை. ஆனால் குழுவில் ஒரு குரங்குப் படம் விழுந்தால், அதனால் காயப்படுகிறவரே முதலில் பேசட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்று அந்தத் தங்கை தனியாக எழுதிய அந்த இரண்டு நிமிடம் அவளுக்கு எவ்வளவு நீளமாக இருந்திருக்கும் என்று யோசியுங்கள். சிரிப்புக் குறி போட்டவரிடம் தனியாகப் பேசுங்கள், பெரும்பாலும் அவர் உங்கள் நண்பராகத்தான் இருப்பார். படத்தைப் பகிர்ந்து கண்டிப்பதைவிட, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு புகார் கொடுப்பது நல்லது.

என் கணிப்பு வழக்கம் போல 2-1. ஷூட்அவுட் வரை போனால் யாராவது ஒருவர் தவறவிடத்தான் போகிறார். அப்போது உங்கள் குழுவில் விழும் முதல் செய்தி உங்களுடையதாக இருக்கட்டும்.